400இஎக்ஸ் முன்பக்கத்துக்கு 450ஆர் ஷாக்: போல்ட் சேர்ந்தால் போதுமா?

மணற்காற்று
வண்டி ஹோண்டா டிஆர்எக்ஸ்400இஎக்ஸ், மண்ணில் ஓட்டும் நாலு சக்கர ஏடிவி, 2003 மாடல். முன்பக்க ஷாக் இரண்டிலும் ஆயில் கசிகிறது. ஒரிஜினல் ஷாக்கில் ஸ்பிரிங் பிரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) தவிர வேறெதையும் மாற்ற முடியாது. அதை ரீபில்ட் செய்வதற்குப் பதில் டிஆர்எக்ஸ்450ஆர் வண்டியிலிருந்து கழற்றிய ஒரு ஜோடி கிடைக்கிறது. அது பிக்கிபேக் டேங்க் (ஷாக் உடம்போடு ஒட்டிய சிறு டேங்க்) உள்ளது. கம்ப்ரெஷன் (ஷாக் அமுங்கும்போது வரும் எதிர்ப்பு), ரீபவுண்ட் (திரும்ப நீளும்போது வரும் எதிர்ப்பு) இரண்டையும் திருகி மாற்றலாம்.

கேள்விகள்: நேராக உட்காருமா? நீளம் வித்தியாசப்பட்டால் என்ன ஆகும்? பள்ளத்தில் இறங்கும்போது முன்னால் "டக்" என்று ஒரு சத்தம் வருகிறது, ஷாக் மாற்றினால் அதுவும் போய்விடுமா? ஓட்டுபவர் எடை கியரோடு சேர்த்து 85 கிலோ. மண் தடம், மணல் இரண்டிலும் ஓடும்.

பதினாலு ஸ்பேனர்
கடைசிக் கேள்விக்கு முதல்ல வர்றேன், காசு அங்கதான் வீணாகும். ஷாக்ல ஆயில் போனா வண்டி துள்ளும், அலையும். "டக்"னு தட்டற சத்தம் பெரும்பாலும் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல விழுந்த ஆட்டம். புது ஷாக் போட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும். ஷாக் நல்லா வேலை செய்ய ஆரம்பிச்சதும் இன்னும் தெளிவாவே கேட்கும்.

ஃப்ரேமுக்கு அடியில ஜாக்கி கொடுத்து ரெண்டு முன் சக்கரமும் தொங்கற மாதிரி தூக்குங்க. டயரை மேலேயும் கீழேயும் பிடிச்சு உள்ளே வெளியே ஆட்டுங்க. இன்னொருத்தர் பால் ஜாயின்ட்டும் (சக்கரத்தை ஃப்ரேமோட இணைக்கற ஆர்ம் முனையில இருக்கற உருண்டை மூட்டு) நக்கிளும் (ஹப்பைத் தாங்கற இரும்புத் துண்டு) சேர்ற இடத்துல விரலை வைக்கட்டும். ஆட்டம் இருந்தா கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி விரல் நுனியில "டிக்"னு தெரியும். நக்கிள் அசையாம ஹப் மட்டும் அசைஞ்சா வீல் பேரிங். ஆர்ம் ஃப்ரேமோட சேர்ற இடத்துல அசைஞ்சா அங்க இருக்கற புஷ் தேய்ஞ்சிருக்கு. அப்புறம் டயரை இடம் வலமா பிடிச்சு ஆட்டுங்க. மறுபக்கச் சக்கரமும் சேர்ந்து திரும்பினா அது ஸ்டீயரிங்கோட இயல்பு. அது திரும்பாம இந்தப் பக்கம் மட்டும் லொடலொடத்தா டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கற கம்பியோட முனை).

இது பாதிதான். ஷாக் மாட்டியிருக்கும்போது ஸ்பிரிங் எல்லா ஜாயின்ட்டையும் ஒரே பக்கமா இறுக்கி வச்சிருக்கும், தேய்மானம் ஒளிஞ்சுக்கும். அதனால ஷாக்கோட கீழ் போல்ட்டைக் கழற்றி ஷாக்கை ஓரமா கட்டிட்டு, இதையே இன்னொரு தடவை செய்யுங்க. வெறும் ஆர்ம் மேலும் கீழும் வழுக்கிட்டுப் போகணும். முன்னும் பின்னும் துளி கூட நகரக் கூடாது. கழற்றின போல்ட் மேல நகத்தை ஓட்டிப் பாருங்க. ஸ்லீவ் (ஷாக் முனையில போல்ட் நுழையற குழாய்) உட்கார்ந்த இடத்துல ஒரு படி தட்டுப்பட்டா போல்ட்டை மாத்திடணும். பிராக்கெட் ஓட்டை முட்டை வடிவமா ஆகியிருந்தா போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் சத்தம் நிக்காது.

சுருள்வில்
நீளத்தைப் பற்றி. 400இஎக்ஸ் முன்பக்கத்தில் 450ஆர் ஷாக் போடுவது பலரும் செய்யும் வேலை. ஆனால் "இந்த ஆண்டு ஷாக் இந்த ஆண்டு வண்டிக்குப் பொருந்தும்" என்ற பட்டியலை நம்பி வாங்க வேண்டாம். 450ஆர் 2004இல் வந்தது, 2006இல் திருத்தப்பட்டது. முன்னது பின்னது எல்லாம் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதோடு, பழைய ஷாக் என்றால் முந்தைய உரிமையாளர் ஸ்பிரிங்கை மாற்றியிருக்கலாம், உள்ளே ஸ்பேசர் வைத்து நீளத்தைக் குறைத்திருக்கலாம். கையில் இருக்கும் அந்த இரண்டு ஷாக்கின் அளவுதான் கணக்கு.

இரண்டு நீளம் வேண்டும். முழுதாக நீண்ட நிலையில் மேல் போல்ட் நடுவிலிருந்து கீழ் போல்ட் நடு வரை ஒன்று. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு பம்ப் ரப்பர் (கடைசி இடியைத் தாங்கும் ரப்பர்) தொடும் வரை அமுக்கிய நிலையில் இன்னொன்று. எல்லோரும் முதலாவதை மட்டும் அளக்கிறார்கள். வண்டியை உடைப்பது இரண்டாவது.

கணக்குக்காக, சக்கரம் 10 மி.மீ. நகர்ந்தால் ஷாக் 6 மி.மீ. அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 0.6.

நீண்ட நிலையில் புது ஷாக் 15 மி.மீ. அதிகம் என்றால் சக்கரம் 25 மி.மீ. கூடுதலாகக் கீழே தொங்கும். பால் ஜாயின்ட்டின் தண்டு அதன் கிண்ண விளிம்பில் முட்டலாம், பிரேக் ஹோஸ் விறைத்து இழுபடலாம்.

அமுங்கிய நிலையில் புது ஷாக் 10 மி.மீ. குட்டை என்றால் சக்கரம் 17 மி.மீ. கூடுதலாக மேலே ஏறும். அப்போது வண்டியைக் கடைசியில் நிறுத்துவது பம்ப் ரப்பர் அல்ல. ஆர்ம் ஃப்ரேமில் இடித்தோ, டயர் ஃபெண்டரில் இடித்தோ நிற்கும். மாறாக 10 மி.மீ. நீளம் என்றால் 17 மி.மீ. பயணத்தை இழக்கிறீர்கள். அது பாதுகாப்பான பக்கம், ஆனால் நஷ்டம்தான்.

பதினாலு ஸ்பேனர்
அளந்ததோட விடாம வண்டியிலயே சரிபார்க்கணும். ஸ்பிரிங் இல்லாத வெறும் ஷாக்கை மாட்டி, சக்கரத்தையும் போட்டு, ஹப்புக்கு அடியில ஜாக்கி வச்சு 10 மி.மீ. 10 மி.மீ.யா தூக்குங்க. வண்டி சரியாம ஃப்ரேமைத் தனியா ஸ்டாண்டில முட்டுக் கொடுத்துக்கணும். ஒவ்வொரு இடத்துலயும் ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்க. பார்க்க வேண்டியது ஆர்ம், டை ராட், ஹோஸ், ஃபெண்டர், முக்கியமா அந்த பிக்கிபேக் டேங்க். டேங்க் ஃப்ரேம் பக்கமா, வெளிப்பக்கமா, எந்தப் பக்கம் பார்த்து உட்காருதுங்கறதைப் பொறுத்து இடைவெளி மாறும். சுத்தியும் ஒரு விரல் அகலம் இருந்தா நிம்மதி. ஓடும்போது ஆர்ம் வளையும், புஷ் நசுங்கும், அதுக்கும் இடம் வேணும்.

மணற்காற்று
பார்த்துவிட்டேன். இடதுபக்கக் கீழ் பால் ஜாயின்ட்டில் ஆட்டம். விரலுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. வலதுபக்க ஷாக் கீழ் போல்ட்டில் படி இருக்கிறது. பிராக்கெட் ஓட்டைகள் வட்டமாகவே உள்ளன. புது ஷாக்கின் கீழ் ஸ்லீவ் பிராக்கெட்டுக்குள் போக 2 மி.மீ. அதிகம். பிராக்கெட்டை லேசாக விரித்துவிடலாமா, ஸ்லீவைத் தேய்க்கலாமா?

பதினாலு ஸ்பேனர்
பிராக்கெட்டைத் தொடாதீங்க. விரிச்சா வெல்டு ஓரத்துல விரிசல் விடும், அது பெயிண்ட்டுக்கு அடியில மாசக்கணக்கா தெரியாது. ஸ்லீவைத்தான் குறைக்கணும். ரெண்டு முனையிலயும் 1 மி.மீ. 1 மி.மீ., லேத்துல முகம் எடுத்தா நேரா இருக்கும். ஒரே பக்கம் 2 மி.மீ. எடுத்தா ஷாக் சாய்ஞ்சு உட்கார்ந்து ஒரு பக்கமாவே சீலைத் தின்னும்.

தேய்க்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. ஸ்லீவ் முனை ஷாக் கண்ணோட (போல்ட் மாட்டற வளையம்) உடம்பைவிட வெளியே நீட்டிட்டு இருக்கணும், குறைச்ச பிறகும். இல்லாட்டி போல்ட்டை இறுக்கும்போது ஷாக் கண்ணே பிராக்கெட்டுல கவ்விக்கும், திரும்பாது. திரும்பாத ஷாக் தண்டை வளைக்கும்.

இதே கேள்வி தலைகீழா வரும், அதையும் சொல்லிடறேன். ஸ்லீவ் குறுகலா இருந்தா ரெண்டு பக்கமும் ஒரே தடிமன்ல கடைஞ்ச இரும்பு ஸ்பேசர் போடுங்க. நாலு வாஷரை அடுக்கினா ஒவ்வொண்ணா நசுங்கி இறுக்கம் போயிடும். போல்ட்டை இறுக்கி பிராக்கெட் காதை நெருக்கறதும் கூடாது. ஸ்லீவ் ஓட்டை போல்ட்டைவிடப் பெரிசுன்னா முழு நீளத்துக்கு உள் ஸ்லீவ். போல்ட் வாங்கும்போது நீளம் மட்டும் பார்க்காம, மரையில்லாத பகுதி ரெண்டு காதையும் தாண்டி நிக்குதான்னு பாருங்க. பிராக்கெட் காது மரை மேல உட்கார்ந்தா மரை அரமா மாறி ஓட்டையை அறுக்கும். நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருக்கறது) புதுசு போடுங்க.

பால் ஜாயின்ட்டுக்கு: முள்கரண்டி மாதிரி இருக்கற பிரிப்பானை அடிச்சா ரப்பர் பூட் கிழியும். புல்லர் போட்டு இறுக்கிட்டு, நக்கிள் கண்ணோட பக்கவாட்டுல சுத்தியால ஒரு தட்டு தட்டினா டேப்பர் (கூம்பா உள்ளே இறுகின தண்டு) விட்டுடும். மாட்டும்போது காட்டர் பின் (நட்டு கழலாம தடுக்கற கம்பி) ஓட்டை நேர் வரலைன்னா நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி நேர் பண்ணணும், தளர்த்தி இல்ல. பின் புதுசு.

செம்மண் தடம்
ஷாக் போட்டதும் பிரீலோடை முழுக்க ஏற்றிவிடுங்கள். முன்பக்கம் உயர்ந்து நிற்கும், குதித்து இறங்கினாலும் அடியில் இடிக்காது.

சுருள்வில்
இதை மறுக்க வேண்டியிருக்கிறது, நண்பரே. பிரீலோட் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்காது. ஒரு மி.மீ. அமுக்க 25 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங், பிரீலோட் ஏற்றிய பிறகும் ஒவ்வொரு மி.மீ.க்கும் அதே 25 நியூட்டன்தான் கேட்கும். வண்டி நிற்கும் உயரம் மாறுகிறது, தொடக்க விசை கூடுகிறது, அவ்வளவே. முழுக்க ஏற்றினால் சக்கரம் கீழே இறங்க மிச்சப் பயணமே இருக்காது. பள்ளத்தின் மேல் போகும்போது டயர் தரையைத் தேடி இறங்க முடியாமல் காற்றில் தொங்கும். திருப்பத்தில் முன்பக்கம் வழுக்கிக்கொண்டு நேராகப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

450ஆர் ஸ்பிரிங் 450ஆரின் ஆர்ம் வடிவத்துக்காகத் தேர்ந்தெடுத்தது. ஷாக் வேறு வண்டிக்குப் போகும்போது விகிதம் மாறும், அது இரண்டு முறை பெருக்கப்பட்டுச் சக்கரத்தில் வரும். கணக்குக்காக, ஷாக் கழற்றிய வண்டியில் விகிதம் 0.62, மாட்டும் வண்டியில் 0.56 என்றால் வர்க்கம் 0.384, 0.314. அதே ஸ்பிரிங் சக்கரத்தில் 18 சதவீதம் மெத்தென்று இருக்கும். வண்டியின் எடை வித்தியாசமும் ஓட்டுபவரின் எடையும் இதன்மேல் சேரும். ஸ்பிரிங் சரியா தவறா என்று சொல்வது சேக் அளவு, அதாவது ஓட்டுபவர் ஏறியதும் வண்டி தாழும் அளவு மட்டுமே.

சேக் எடுக்கும் முறை: முன்பக்கத்தைத் தூக்கி, டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது ஃப்ரேமின் ஒரு புள்ளியிலிருந்து தரை வரை அளக்கவும். பிறகு இறக்கி, ஓட்டுபவர் முழு கியரோடு ஏறி நின்று, இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, அதே புள்ளியை அளக்கவும். வித்தியாசம் மொத்தச் சக்கரப் பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் வர வேண்டும். 210 மி.மீ. பயணம் என்றால் 60 முதல் 70 வரை.

இந்த இடத்தில் பலருக்கு அளவு தப்பிப் போகிறது. ஆர்ம் மடங்கும்போது சக்கரங்கள் இரண்டும் வெளிப்பக்கமாக அகல வேண்டும். சிமென்ட் தரையில் டயர் வழுக்காது, ஒட்டிக்கொண்டு வண்டியை உயரத்திலேயே பிடித்து வைக்கும். இறக்கியதும் வண்டியை ஒரு மீட்டர் முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, பிறகு அளந்தால்தான் உண்மை எண் வரும். இதைச் செய்யாமல் எடுத்த சேக் அளவை நம்பி ஸ்பிரிங் வாங்காதீர்கள்.

பிரீலோடைக் கிட்டத்தட்ட முழுக்க ஏற்றினால்தான் சேக் சரியாக வருகிறது என்றால் ஸ்பிரிங் மெலிது. முழுக்கத் தளர்த்தியும் சேக் குறைவாகவே வந்தால் ஸ்பிரிங் தடிமன்.

செம்மண் தடம்
சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பெரிய குதிப்பில் மட்டும் இடித்தால் என்ன செய்வது? மற்றபடி நிற்கும் உயரம் சரியாக இருக்கிறது.

சுருள்வில்
சேக் சரி என்றால் கம்ப்ரெஷன் திருகை இரண்டு கிளிக் மூடிப் பாருங்கள். அதன் பிறகும் இடித்தால் ஆயில் அளவையும் ஷாக்குக்குள் அடைத்த நைட்ரஜன் வாயுவையும் சோதிக்க வேண்டும். ஸ்பிரிங் மாற்றுவது அதற்குப் பிறகு.

நைட்ரஜன் புட்டி
அந்தச் சோதனை வாங்கும் முன்பே நடக்க வேண்டும். கழற்றிய ஷாக்கைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை:

தண்டு. மெல்லிய எண்ணெய்ப் படலம், அதில் தூசி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். துடைத்த பிறகு நாலைந்து முறை அமுக்கியதும் மறுபடி ஈரமாக வளையம் கட்டினால் சீல் போயிற்று. குரோமில் புள்ளிகள் இருக்கிறதா என்று நகத்தால் சுற்றிலும் தேடவும். நகம் மாட்டாத கீறலை எண்ணெய்க் கல்லால் மெல்ல மழுக்கலாம். நகம் மாட்டினால் தண்டை மாற்றவோ மறுபடி குரோம் பூசவோ வேண்டும். கீறலுள்ள தண்டில் போடும் புது சீல் நீடிக்காது.

காஸ். ஸ்பிரிங் கழற்றிய நிலையில் தண்டை உள்ளே அமுக்கி விடவும். அழுத்தம் உள்ள ஷாக் தானாக வெளியே வரும். 14 மி.மீ. தண்டு, 150 பிஎஸ்ஐ என்றால் அதைத் தள்ளும் விசை சுமார் 16 கிலோ. கைக்கு நன்றாகத் தெரியும். உள்ளே போனது அங்கேயே நின்றால் நைட்ரஜன் இல்லை. அமுக்கி இழுக்கும்போது திசை மாறும் இடத்தில் ஒரு வெற்றிடம், எதிர்ப்பே இல்லாமல் சட்டென்று நழுவுவது போல உணர்ந்தால் ஆயிலில் காற்று கலந்திருக்கிறது.

நைட்ரஜனுக்குப் பதில் கம்ப்ரெஸர் காற்றை அடைக்க வேண்டாம். காற்றில் ஈரம் உண்டு. சூட்டில் அழுத்தம் தாறுமாறாக ஏறும், உள்ளே துருப் பிடிக்கும். அழுத்தத்தை முழுக்க இறக்காமல் டேங்க் மூடியையோ சீல் ஹெட்டையோ தொடக் கூடாது. அது முகத்தை நோக்கிப் பாயும் பொருள். எத்தனை பிஎஸ்ஐ என்பதற்கு அந்த ஷாக்குக்கு உரிய எண்ணை மட்டும் பின்பற்றவும். ஆயிலும் அப்படித்தான். ஃபோர்க் ஆயிலை ஷாக்கில் ஊற்றினால் டேம்பிங் (ஷாக் அசைவுக்கு வரும் எதிர்ப்பு) மாறும், கிளிக்கரின் (கம்ப்ரெஷன், ரீபவுண்ட் திருகு) எந்த நிலையும் பழைய அர்த்தத்தில் இருக்காது.

மற்றொன்று: இரண்டு ஷாக்கின் ஸ்பிரிங்கையும் தனித்தனியே தரையில் நிறுத்தி நீளத்தை ஒப்பிடுங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் தளர்ந்துவிட்டது, அல்லது இரண்டும் ஜோடியே அல்ல.

களிமண்
இடையில் ஒரு கேள்வி. என்னுடையது பழைய போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 500. இதே முறையில் முன்பக்க ஷாக்கை மாற்ற முடியுமா?

சுருள்வில்
இல்லை. அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ்மேனில் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். 400இஎக்ஸில் சக்கரத்தை நிமிர்த்திப் பிடிப்பது மேல், கீழ் ஆர்ம்கள். ஷாக்கைக் கழற்றினாலும் சக்கரம் நேராக நிற்கும். ஸ்ட்ரட்டில் மேல் ஆர்ம் கிடையாது, ஸ்ட்ரட்டே அந்த வேலையைச் செய்கிறது. அதற்கான ஸ்ட்ரட் மட்டுமே போட முடியும், ஸ்பிரிங்கை வேண்டுமானால் மாற்றலாம். அதோடு உங்களுடையது முன் சக்கரத்துக்கும் ஓட்டம் போகும் வண்டி. முன்பக்கத்தை உயர்த்தினால் சிவி ஜாயின்ட்டின் (சக்கரத்துக்கு ஓட்டம் கொண்டுபோகும் தண்டின் மூட்டு) கோணம் கூடி பூட் சீக்கிரம் கிழியும். பூட் கிழிந்தால் கிரீஸ் போய்ச் சேறு உள்ளே வரும்.

மணற்காற்று
பால் ஜாயின்ட், போல்ட், ஸ்லீவ் மூன்றும் முடிந்தன. ஸ்பிரிங் இல்லாமல் முழுப் பயணமும் ஓட்டிப் பார்த்ததில் எதுவும் இடிக்கவில்லை, ஹோஸ் இழுபடவில்லை. சேக் 66 மி.மீ. முன்பக்கம் மட்டும் முன்பைவிட 20 மி.மீ. உயரமாக நிற்கிறது. இனி அலைன்மென்ட், கிளிக்கர். எங்கே தொடங்குவது?

பதினாலு ஸ்பேனர்
உயரம் மாறினா டோ (ரெண்டு முன் டயரும் உள்ளே இல்ல வெளியே பார்த்துத் திரும்பி நிக்கற அளவு) மாறியே தீரும். ஓட்டுபவர் எடை வண்டி மேல இருக்கும்போது, ஹேண்டில் நேரா, ரெண்டு டயரோட நடுக்கோட்டையும் ஹப் உயரத்துல முன்னால ஒரு அளவு, பின்னால ஒரு அளவு டேப் பிடிங்க. பொதுவா முன்னால் 3 முதல் 6 மி.மீ. குறைவா இருந்தா வண்டி நேரா ஓடும். உங்க சர்வீஸ் மேனுவல் எண் வேற சொன்னா அதுதான் முடிவு. டை ராட்டை ரெண்டு பக்கமும் சமமா திருப்புங்க, ஒரு பக்கம் மட்டும் திருப்பினா ஹேண்டில் கோணிக்கும். ஒரு முனை இடது மரை, லாக் நட்டும் அப்படியே. தெரியாம எதிர்ப்பக்கம் இறுக்கி மரையைப் பிடுங்கிடாதீங்க.

முன்பக்கம் 20 மி.மீ. உயர்ந்ததால ஸ்டீயரிங் கொஞ்சம் மந்தமா இருக்கும், சரிவுல குறுக்கே போகும்போது வண்டி சாயற மாதிரி தோணும். பின் ஷாக் பிரீலோடை ஏத்தி வண்டியைச் சமப்படுத்துங்க, ஆனா பின் சேக்கையும் அளந்துட்டு.

முதல் ஓட்டம் முடிஞ்சதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சில மறுபடி பாருங்க.

நைட்ரஜன் புட்டி
கிளிக்கர்: கடிகாரத் திசையில் மெதுவாக முழுக்க மூடுங்கள், எத்தனை கிளிக் என்று எண்ணிக்கொண்டே. கடைசியில் அழுத்தி இறுக்கினால் ஊசி முனை நசுங்கிவிடும். பிறகு மொத்தத்தில் பாதி திறக்கவும். இடது வலது இரண்டும் ஒரே எண். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், இரண்டிரண்டு கிளிக்காக மாற்றி, அதே தடத்தில் ஓட்டவும்.

கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல் மேடுகளில் இருப்பது போல வரிசையாக மேடு பள்ளம் வரும் இடத்தில், முதல் இரண்டு மூன்று மேட்டில் நன்றாகப் போய், பிறகு முன்பக்கம் தாழ்ந்துகொண்டே வந்து அடியில் இடித்தால் கம்ப்ரெஷனைத் தொடாதீர்கள். ரீபவுண்ட் மந்தமாக இருக்கிறது. ஒவ்வொரு மேட்டுக்கும் இடையில் ஷாக் முழுக்க நீள நேரம் கிடைக்காமல் அமுங்கியபடியே அடுத்த அடியை வாங்குகிறது. ரீபவுண்டை இரண்டு கிளிக் திறக்கவும். மாறாக ஒவ்வொரு மேட்டிலும் ஹேண்டில் கையை உதைத்து மேலே துள்ளினால் இரண்டு கிளிக் மூடவும். சிறு கற்களில் கை நடுங்கினால் கம்ப்ரெஷனைத் திறக்கவும்.

இருபது நிமிடம் ஓட்டியதும் இறங்கி இரண்டு ஷாக் உடம்பையும் தொட்டுப் பாருங்கள், சூடு இருக்கும், கவனம். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை, மற்றது இரண்டு பேர் சுமையைச் சுமக்கிறது.

மணற்காற்று
கடைசியாக ஒன்று: 450ஆர் ஷாக்கின் மேல் கண்ணில் ரப்பர் புஷ் இல்லாமல் உருண்டை பேரிங் இருந்தால் பராமரிப்பு மாறுமா?

நைட்ரஜன் புட்டி
மாறும். ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு வேலை செய்வது. அதைத் தொங்கும் நிலையில் இறுக்காமல் வண்டி தன் உயரத்தில் நிற்கும்போது இறுக்க வேண்டும், இல்லையேல் நிற்கும்போதெல்லாம் முறுக்கிலேயே இருந்து கிழியும். உருண்டை பேரிங்குக்கு அந்தக் கவலை இல்லை. அதற்கு எதிரி தண்ணீர்தான். பிரஷர் வாஷரை ஷாக் கண்ணுக்கும் ஆர்ம் புஷ்ஷுக்கும் நேராகப் பிடிக்காதீர்கள், தூசி சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே திணித்துவிடும். ஒவ்வொரு சேற்று ஓட்டத்துக்குப் பிறகும் மெல்லிய ஓட்டத்தில் கழுவித் துடைக்கவும். போல்ட்டைத் தளர்த்தி ஷாக்கைக் கையால் மேலும் கீழும் தள்ளினால் பேரிங்கில் ஆட்டம் தெரியக் கூடாது. கொஞ்சம் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். அது வளர்ந்தால் பிராக்கெட் ஓட்டையை முட்டை வடிவமாக்கிவிடும், பேரிங்கின் விலையைவிட ஃப்ரேம் வெல்டிங் பல மடங்கு.